அற்பம் என்றொரு பண்டம்

கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்கடுக்காகக் கட்டி எழுப்பும் இனிப்பு ஒன்றுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் டிரைஃபிள். அற்பம், பொருட்படுத்தத் தகாதது என்பதே அச்சொல்லுக்குப் பொருள். அடியில் கேக், அதன்மேல் பழம், பழத்தைப் பிடித்து நிறுத்த ஜெல்லி, அதற்கு மேல் பாலும் முட்டையும் சேர்த்துக் காய்ச்சிய கஸ்டர்டு, உச்சியில் அடித்து நுரைக்க வைத்த பாலேடு. ஐந்தும் ஐந்து தனி வேலைகள். ஒன்று ஆறி அமைந்த பிறகே அடுத்ததை ஊற்ற முடியும். காலையில் அடுப்பு மூட்டினால் மாலையில் முடிகிற அற்பம் இது.

போடிநாயக்கனூர் மலைச்சரிவுக்கு இந்தப் பண்டம் வந்த வழியும் தேயிலையின் வழியும் ஒன்றுதான். 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைப் பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடமிருந்து குத்தகைக்குப் பெற்றார். பின்னாளில் மூணாற்றுத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடியை அடைந்தது. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த மலை ரயிலை அழித்துவிட்டது. 1928இல் மதுரையிலிருந்து போடி வரை ரயில் பாதை வந்து சேர்ந்தது. மலையிலிருந்து தேயிலைப் பெட்டிகள் இறங்கின. அடிவாரத்திலிருந்து பிழைப்புத் தேடி மனிதர்கள் ஏறினார்கள். தோட்டத்துக்குப் போனவர்கள் பலர். துரைமார் பங்களாக்களின் சமையற்கட்டுக்குப் போனவர்கள் சிலர். அந்தச் சிலரில் ஒருவர் என் பெரியத்தா.

1950களின் தொடக்கத்தில், பதினாறு வயதில், சமையற்காரருக்குக் கையாளாக அவர் மலையேறினார். ஐந்தாறு ஆண்டுகளில் சமையற்கட்டே அவர் பொறுப்புக்கு வந்துவிட்டது. கடைசித் துரையும் கப்பலேறிய பிறகு கீழே இறங்கி, போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் எடை பார்க்கும் வேலையில் அமர்ந்தார். கிறிஸ்துமஸ் இரவிலும் விருந்தாளிகள் வரும் நாள்களிலும் டிரைஃபிள் செய்வது அவர் வேலை. இருபது ஆண்டுகள் செய்தார். ஆனால் ஒரு கரண்டிகூட உண்டதில்லை.

காரணம் எளியது. அடியிலுள்ள கேக்கின் மீது ஷெர்ரி என்னும் மதுவை ஊற்றி ஊறவைப்பது துரைமார் வழக்கம். ஜெல்லியோ விலங்குகளின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. எந்த விலங்கு, எப்படி அறுபட்டது என்று டப்பாவின் மேல் எழுதியிருக்காது. கஸ்டர்டைப் புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நாவால் பதம் பார்ப்பார். பழத்தை நறுக்கும்போது ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்வார். கேக் வெந்ததும் ஓரத்தைக் கிள்ளிப் பார்ப்பார். மதுப் புட்டியைத் திறந்த பிறகு அவருடைய நாவுக்கு அங்கே வேலை இல்லை. “எனக்குப் பிரிச்சுப் பிரிச்சுத் தெரியும். சேர்த்துத் தெரியாது” என்பார். அதில் குறையும் இருக்காது, பெருமையும் இருக்காது. எடைக் கணக்கை வாசிப்பது போலச் சொல்வார்.

2004ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் ஐப்பசி மழையில் வந்தது. அப்போது அவருக்கு எழுபதை நெருங்கும் வயது. அந்தப் பண்டத்தை நம் வீட்டில், நமக்கு ஆகும்படி செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தவள் என் மனைவி. நானும் பிழிவதற்கும் வடிப்பதற்கும் துணை நின்றேன். மதுவை விட்டுவிட்டால் போதாதா என்று முதலில் தோன்றும். போதாது. ஷெர்ரிக்கு அங்கே இரண்டு வேலைகள் உண்டு. உலர்ந்த கேக்கை அது நனைக்கிறது. மேலே வரப்போகும் இனிப்பின் திகட்டலைத் தன் காரத்தால் வெட்டுகிறது. அதை நீக்குகிறவர்கள் அந்த இரண்டு வேலைகளுக்கும் வேறோர் ஆளைத் தேடியாக வேண்டும்.

அந்த ஆள் பக்கத்திலேயே இருந்தது. போடிக்குத் தெற்கே கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் காய்க்கும் பன்னீர்த் திராட்சைக்கு இனிப்பும் புளிப்பும் மணமும் ஒருங்கே உண்டு. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு கிலோ பழத்தைக் கழுவி, காம்பு நீக்கி, கையால் பிசைந்து, தோல் நிறம் விடும் வரை மெல்லிய தீயில் கொதிக்க வைத்து, துணியில் வடித்தோம். அரை எலுமிச்சையின் சாறும் இரண்டு கரண்டிச் சர்க்கரையும் சேர்த்தோம். இச்சாற்றை அன்றே காய்ச்சி அன்றே பயன்படுத்திவிட வேண்டும். மதுவும் திராட்சைதான், இதுவும் திராட்சைதான். நடுவில் இருப்பது காலமும் நொதியும் மட்டுமே.

ஜெல்லிக்கு விடை நம் நோன்பு காலத்துச் சமையற்கட்டிலேயே கிடந்தது. நோன்பு திறக்கும் வேளையில் தட்டில் வந்து குளிரும் கடல்பாசியை அறியாத தமிழ் முஸ்லிம் இல்லம் உண்டா? மன்னார் வளைகுடாக் கரையில் பெண்கள் கடலில் மூழ்கிச் சேகரிக்கும் பாசிகளிலிருந்தும் இப்பொருள் எடுக்கப்படுகிறது. ஜெலட்டின் உடற்சூட்டிலேயே இளகிவிடும். மலைமேல் பங்களாவின் குளிரில் அது நிற்கும், போடியின் வெயிலில் நிற்காது. கடல்பாசியோ நாற்பது பாகைச் சூட்டுக்குச் சற்றுக் கீழே வந்தாலே இறுகிவிடும். இறுகியதை மீண்டும் உருக்க எண்பத்தைந்து பாகை வேண்டும். ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை வளர்த்த ஜெலட்டின் இளகி ஓடியபோது, அங்கே பணியாற்றிய ஹெஸ்ஸே என்பவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே தம் சமையலில் கையாண்ட கடல்பாசியை எடுத்துச் சொன்னார். 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றிக் கோக் அறிவித்தபோது அந்தப் பாசியும் அறிவியலுக்குள் நுழைந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தின் சிக்கலை அடுப்படி தீர்த்த கதை அது. நாங்கள் பத்துக் கிராம் பாசியை ஊறவைத்து, முக்கால் லிட்டர் நீரில் முற்றும் கரையும் வரை கொதிக்கவிட்டு, கால் லிட்டர் திராட்சைச் சாற்றைக் கலந்தோம்.

இப்படி மாற்றினால் அது டிரைஃபிள் ஆகுமா என்று ஒருவர் கேட்கலாம். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாமஸ் டாசன் எழுதிய சமையல் நூலில் டிரைஃபிள் என்ற பெயரில் ஒரு குறிப்பு உண்டு. அதில் கெட்டிப் பாலேடு, சர்க்கரை, இஞ்சி, பன்னீர் ஆகியவையே இருக்கின்றன. கேக் இல்லை, ஜெல்லி இல்லை, மதுவும் இல்லை. அந்தப் பன்னீரை வடிக்கும் கலையே அரபு, பாரசீக நாடுகள் வளர்த்துத் தந்தது. ஒயினில் நனைந்த பிஸ்கோத்துகள் 18ஆம் நூற்றாண்டில் ஹன்னா கிளாஸ் போன்றோரின் நூல்களில் வருகின்றன. ஆகவே மது இப்பண்டத்தின் வேர் அன்று; இடையில் வந்து சேர்ந்த ஒரு விருந்தாளி.

கஸ்டர்டைப் பெரியத்தா வேறு எவரிடமும் விடவில்லை. கடையில் விற்கும் கஸ்டர்டு பவுடரை அவர் மதிப்பதில்லை. 1837இல் பர்மிங்ஹாம் நகரில் ஆல்ஃபிரட் பேர்டு என்பவர், முட்டை ஒவ்வாத தம் மனைவிக்காக மாவைக் கொண்டு ஆக்கிய பொடி அது. “முட்டை ஆகாதவங்களுக்கு மருந்து, ஆகுறவங்களுக்கு எதுக்கு?” என்பது அவர் தீர்ப்பு. அரை லிட்டர் பால், நான்கு மஞ்சள் கரு, எழுபத்தைந்து கிராம் சர்க்கரை. பாத்திரத்தை நேராகத் தீயில் வைக்காமல், கொதிநீரின் ஆவியில் வைத்துக் கைவிடாமல் கிளற வேண்டும். எண்பது பாகையைத் தாண்டிச் சூடேறினால் முட்டை திரிந்துவிடும். கரண்டியின் முதுகில் படிந்த கஸ்டர்டில் விரலால் கோடிழுத்தால் கோடு அழியாமல் நிற்க வேண்டும், அதுவே பதம். இறக்கிய பிறகுதான் ஏலக்காய்ப் பொடி. முன்னதாகப் போட்டால் மணம் ஆவியோடு போய்விடும் என்பது அவர் அனுபவம். ஏலத்துக்கு ஏலம் நடக்கும் ஊர் எங்கள் ஊர். துரைமார் வெனிலா கேட்டார்கள். நாங்கள் ஏலக்காயை நம்பினோம்.

கேக்கை முதல் நாளே, மணல் பரப்பிய அடிகனமான சட்டிக்குள் வைத்து வேகவைத்திருந்தோம். ஒரு நாள் பழகிய கேக்குத்தான் சாற்றை நன்றாகக் குடிக்கும். சீர்வரிசையில் வந்து அலமாரியை விட்டு இறங்காதிருந்த கண்ணாடிக் கிண்ணம் அன்று இறங்கியது. கேக் துண்டுகளை அடுக்கிச் சாற்றை ஊற்றி, மலை வாழைப்பழத்தையும் மாதுளை முத்துகளையும் பரப்பி, வெதுவெதுப்பான பாசிநீரை மெல்ல வார்த்தோம். அது மழைக்காற்றில் அரைமணி நேரத்தில் இறுகியது. பிறகு ஆறிய கஸ்டர்டு. கடைசியாகக் குளிரவைத்த எருமைப்பால் ஏடு. அதை நுரைக்கும் வரை அடித்து, வெண்ணெயாகத் திரளுமுன் நிறுத்த வேண்டும். மேலே வறுத்த முந்திரி.

அஸர் தொழுகை முடித்து வந்து அமர்ந்தார் பெரியத்தா. என் மனைவி ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தாள். பிஸ்மில்லாஹ் சொல்லி, கரண்டியை மேலிருந்து நேராக அடிவரை இறக்கி, ஐந்து அடுக்கும் ஒன்றாக வரும்படி எடுத்து வாயில் வைத்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “இதுக்குத்தானா தொரை கண்ணை மூடிக்கிட்டாரு?”

இரண்டாம் கரண்டியில் பழைய சமையற்காரர் திரும்பி வந்துவிட்டார். “கஸ்டர்டு இன்னும் கொஞ்சம் தளர்வா இருந்திருக்கணும், தாயி. சாறு இன்னும் ஒரு கை கூட்டணும்” என்றார். “அடுத்த தரம் கூட்டிடலாம் மாமா” என்றாள் அவள். கிண்ணத்தைத் துடைத்து வைத்தாற்போல் உண்டு முடித்தார்.

அவர் மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. உழைப்பவர் உண்ணாத பண்டங்கள் உலகில் ஏராளம். ஏலக்காயைத் தரம் பிரிக்கும் பெண்ணின் வீட்டில் முதல் தரக் காய் தேநீரில் விழுவதில்லை. கடலில் பாசி எடுப்பவள் அதைப் பெரிய விருந்துகளில் ஜெல்லியாகக் கண்டிருக்க மாட்டாள். இதற்கெல்லாம் ஒரு கிண்ணம் இனிப்பு ஈடாகிவிடாது. ஆயினும் பெரியத்தாவுக்கு அன்று கிடைத்தது, அவருடைய கைத்திறனின் பயனே அன்றி எவரும் இட்ட ஈகை அன்று.

செய்து பார்க்க விரும்பும் அன்பர்களுக்கு அவர் சொன்ன திருத்தங்களோடு சொல்கிறேன்: கஸ்டர்டைச் சற்றுத் தளர்வாக இறக்குங்கள், சாற்றை ஒரு கை கூட்டி ஊற்றுங்கள், பரிமாறும் கரண்டி அடிவரை போகட்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, சமைத்தவருக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிடுங்கள்.