நடை தளர்ந்தவரை முன்னிட்டு ஒரு பயணம்



பல குடும்பங்கள் சேர்ந்து பயணம் செல்லத் தீர்மானித்தால், எங்கெல்லாம் போகலாம் என்றே பேச்சு தொடங்கும். யார் யார் வருகிறார்கள், அவர்களால் எவ்வளவு முடியும் என்பதை முதலில் பேசுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். சென்ற ஆண்டு நியூசிலாந்துப் பயணத்துக்கு ஆயத்தம் செய்த ஐந்து மாதங்களில் நாங்கள் கற்றுக்கொண்டது இதுவே.

நாங்கள் புனேயில் வசிக்கும் மூன்று தமிழ்க் குடும்பத்தார். மூன்று தம்பதியர், 72 வயதான என் தாயார், 12 வயதிலும் 5 வயதிலும் இரு பிள்ளைகள், ஆக ஒன்பது பேர். படுக்கை, அடுப்பு, கழிப்பறை யாவும் உள்ளே அமைந்த இரண்டு மோட்டார்ஹோம் வண்டிகளை வாடகைக்கு எடுத்து, நாங்களே ஓட்டிச் செல்ல எண்ணினோம். அங்கும் நம் நாட்டைப் போலவே இடப்பக்கம் ஓட்டவேண்டும். ஆங்கிலத்தில் அமைந்த நம் ஓட்டுநர் உரிமமும் செல்லும். முழங்கால் வலியோடு வரும் என் தாயாருக்கு, நிறுத்தும் இடமெல்லாம் சொந்தப் படுக்கையும் கழிப்பறையும் இருப்பது பெரிய ஆறுதல்.

பதினாறு நாட்களில் இரண்டு தீவுகளையும் சுற்றுவது முதல் திட்டம். சில வாரங்களில் நண்பர் ஒருவர், "எனக்கு லீவு கிடைக்காது போலிருக்கிறது, நீங்கள் போய் வாருங்கள்" என்றார். அவர் வேலை மாறியதில் சம்பளம் வெகுவாய்க் குறைந்திருந்தது என்பதை என் மனைவி பின்னர் அறிந்து சொன்னாள். உறவினர் இல்லாத இந்நகரத்தில் என் தகப்பனார் மரித்த இரவு முழுவதும் என்னோடு ஆஸ்பத்திரியில் நின்றவர் அவர். அவரை விட்டுவிட்டு மலை பார்க்கப் போக எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. அவருடைய பங்கை நாங்கள் செலுத்துவதையும் அவர் ஏற்கமாட்டார். ஆகையால் திட்டத்தையே மாற்றினோம். தென் தீவு மட்டும், பத்து நாட்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கோடைக்காலக் கூட்டமும் வாடகையும் மிகுதி. பள்ளித் தேர்வுகள் முடிந்த மார்ச் கடைசியில் சற்றுக் குறையும். விமானக் கட்டணம், வண்டி வாடகை, காப்பீடு, டீசல், முகாம் கட்டணம் எல்லாவற்றையும் குடும்பவாரியாக எழுதி, பொதுப்பணத்தை ஒருவரிடம் ஒப்படைத்தோம். டீசல் வண்டி ஓடும் தூரத்துக்கு ஏற்பச் சாலை வரி உண்டு; அதையும் கணக்கில் சேர்த்தோம். அந்தக் கணக்கைப் பார்த்தபின், லீவு கேட்டுப் பார்ப்பதாக நண்பர் சொன்னார்.

நீங்கள் அப்படிப் புறப்படுவதானால் சிலவற்றைக் கவனியுங்கள். ஆறு பேர் உறங்கலாம் என்று எழுதியிருக்கும் வண்டியில் எத்தனை சீட்பெல்ட் உண்டு என்று கேளுங்கள். ஓடும்போது யாரும் படுக்கையில் இருக்கலாகாது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கை சட்டப்படி கட்டாயம். நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி இராத்தங்கலாம் என்றும் எண்ணவேண்டாம். 2023-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, அதற்குச் சான்று பெறும் வண்டியில் நிலையாகப் பொருத்திய கழிப்பறை இருக்கவேண்டும். உள்ளாட்சிகளின் தடைகளும் உண்டு. கழிவுநீரைக் குறித்த நிலையங்களில் மட்டுமே கொட்டவேண்டும். ஊறுகாய், பொடி, கறிவேப்பிலை என எந்த உணவுப்பொருளையும் விமான நிலையத்தில் மறைக்காமல் அறிவியுங்கள். தவறினால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

மார்ச்சில் அந்நாட்டு நேரம் நமக்கு ஏழரை மணி முந்தியது. ஆகவே முதல் இரவு கிறைஸ்ட்சர்ச் நகரில் இளைப்பாறி, மறுநாளே வண்டியை எடுத்தோம். நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை என்றும், ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு ஓட்டுநர் என்றும் வரையறுத்திருந்தோம். மலைச்சாலைகளில் பல இடங்களில் கைபேசி பேசாது. ஆதலால் இரண்டு வண்டிகளும் சந்திக்கும் இடத்தைக் காலையிலேயே குறித்தோம். பின்னால் வாகனங்கள் சேர்ந்தால், பாதுகாப்பான இடத்தில் இடப்புறம் ஒதுங்கி வழிவிட்டோம். ஒருவழிப் பாலங்கள் அங்கே அதிகம். நம் பக்கத்துச் சிறிய அம்புக்குறி சிவப்பாயிருந்தால் எதிரில் வருபவருக்கே முதலிடம். தே அனாவிலிருந்து மில்போர்டு சவுண்டுக்குச் சுமார் 120 கிலோமீட்டர். அந்தச் செங்குத்தான சாலையில் 1954-இல் திறக்கப்பட்ட ஹோமர் சுரங்கம் உண்டு. வண்டிகளை முகாமிலேயே நிறுத்திவிட்டு, சுற்றுலாப் பேருந்தில் போனோம். ஓட்டுநர்களும் அன்று மலைகளைக் கண்ணாரக் கண்டார்கள்.

இப்படிச் சுருக்கியதில் மேற்குக் கரையின் பனியாறுகளை நாங்கள் காணவில்லை. ஆயினும் 3,724 மீட்டர் உயரமுள்ள குக் மலையின் அடிவாரத்தில் இரண்டு இரவுகள் தங்க முடிந்தது. டெக்கபோ ஏரிக்கரையில், 1935-இல் கட்டப்பட்ட சிறிய கல் ஆலயத்தின் அருகே, என் தாயாரும் நண்பரும் வெகுநேரம் பேசிக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். அவர்களை அவசரப்படுத்த யாருக்கும் தேவை இருக்கவில்லை.

அன்பானவர்களே, உங்கள் குழுவிலும் வலி சொல்லாத ஒருவரும், பணமில்லை என்று சொல்லக் கூசும் ஒருவரும் இருக்கக்கூடும். டிக்கெட் எடுப்பதற்கு முன்னே அவர்களிடம் தனியே சென்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் அளவையே எல்லாருக்கும் அளவாக வையுங்கள்.