கால் ஓயாத சைக்கிளின் பூர்வீகம்

சாதாரணமாக நாம் ஓட்டும் சைக்கிளில், இறக்கம் வந்துவிட்டால் மிதிப்பதை நிறுத்திக் காலைப் பெடலின்மேல் சும்மா வைத்துக்கொண்டு, வண்டி தானே உருண்டு போகும் சுகத்தை அனுபவிக்கிறோம். அந்தச் சுகத்தை நமக்கு அளிப்பது பின்சக்கரத்தின் நடுவே பொருத்தப்பட்டிருக்கும் ஃப்ரீவீல் என்னும் சிறு யந்திரம். ஃபிக்ஸட் கியர் என்று வழங்கும் சைக்கிளிலோ இந்த ஓய்வு கிடையாது. அதில் பின்புறத்துப் பல்சக்கரம் சக்கரத்தின் நடுக்குடமாகிய ஹப்புடன் அசையாதபடி முடுக்கப்பட்டிருப்பதால், சக்கரம் சுழலும் வரையில் பெடலும் சுழன்றே தீரும். பெடல் சுழலும் வரையில் காலும் ஓயாது. காலைப் பின்னோக்கி அழுத்தினால் வண்டியின் வேகம் குறையும். இப்படியொரு கட்டுப்பாட்டை மனமுவந்து ஏற்பவர்கள் உலகத்துப் பெருநகரங்கள் பலவற்றில் இருக்கிறார்கள் என்றும், அவர்களில் அநேகர் பழைய சைக்கிள்களைப் பிரித்துத் தம் கையாலேயே இவ்விதம் மாற்றிக்கொள்கிறார்கள் என்றும் அறிந்தபோது, இதை முதன்முதலில் நினைத்தவர் யார், எந்தப் பிரயோஜனத்தைக் கருதி நினைத்தார் என்ற கேள்வி என்னைப் பற்றிக்கொண்டது.

வேலை நிமித்தமாக நான் இங்கிலாந்தில் வசித்த காலத்தில், அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் தம் தோட்டக் கொட்டகையில் நெடுநாள் கிடந்த மலைச் சைக்கிள் ஒன்றை எனக்குக் கொடுத்தார். 1980-களின் பிற்பகுதியில் செய்யப்பட்ட அந்த வண்டிக்கு உறுதியான இரும்புக் குழாய்ச் சட்டமும், 26 அங்குலச் சக்கரங்களும், முன்னால் 3 பின்னால் 6 என்று பல்சக்கரங்கள் சேர்ந்து 18 கியர்களும் இருந்தன. கியர் மாற்றும் கருவிகள் துருவேறிச் செயலற்றுப் போயிருந்தாலும் சட்டத்தில் ஒரு பழுதும் இல்லை. இதை ஃபிக்ஸட் ஆக்கிவிடலாம் என்று யோசனை சொன்னவரும் அவரே. அவருடைய வாலிபத்தில், சைக்கிள் சங்கங்களைச் சேர்ந்தவர்கள் குளிர்காலம் முழுவதும் ஃபிக்ஸட் சைக்கிளிலேயே பயிற்சி செய்வது வழக்கமாம். சேற்றிலும் ஈரத்திலும் கெட்டுப்போகக்கூடிய உறுப்புகள் அதில் குறைவு. கால் வட்டமாக, சீராக மிதிக்கக் கற்றுக்கொள்வதற்கும் அதைவிடச் சிறந்த ஆசான் இல்லை. 1956-இல் ரே பூட்டி என்னும் வீரர் சாலைப் பந்தயத்தில் 100 மைல் தூரத்தை 4 மணி நேரத்துக்குள் கடந்து பெரும்புகழ் பெற்றது ஒரே ஒரு கியருள்ள ஃபிக்ஸட் சைக்கிளில்தான் என்பதை அவர் சொன்னபோது, அரை நூற்றாண்டுக்கு முந்திய உற்சாகம் அந்த முதிய முகத்தில் அப்படியே திரும்பி வந்தது.

கழற்ற வேண்டியவற்றையெல்லாம் கழற்றிய பிறகு ஃபிக்ஸட் ஹப் ஒன்றை வாங்கினேன். அதன் அமைப்பு ஊன்றிப் பார்த்து மகிழத்தக்கது. அதன் ஒரே பக்கத்தில் இரண்டு மரைகள் அடுத்தடுத்துப் படிபோல் வெட்டப்பட்டிருக்கும். உட்புறத்துப் பெரிய மரையில் பல்சக்கரம் வலப்புறமாகச் சுற்றி ஏறும். வெளிப்புறத்துச் சிறிய மரையில் ஒரு பூட்டு வளையம் இடப்புறமாகச் சுற்றி ஏறும். முன்னோக்கி மிதிக்கையில் பல்சக்கரம் தானாகவே மேலும் இறுகுகிறது. பின்னோக்கி அழுத்துகையில் அது கழன்று வர எத்தனிக்கும். ஆயினும், அது கழல்வதற்குத் திரும்ப வேண்டிய திசையே பூட்டு வளையத்தை இறுக்கும் திசையாக இருப்பதால், கழற்ற முயலும் சக்தியே காவலாகவும் மாறிவிடுகிறது. சாதாரண ஃப்ரீவீல் ஹப்பில் இந்த இரண்டாவது மரை இல்லை; ஆகையால் அதில் வெறும் பல்சக்கரத்தை முடுக்கிக்கொண்டு தெருவில் இறங்குவது ஆபத்தான காரியம்.

புது ஹப்பின் அகலம் 120 மில்லிமீட்டர். சட்டத்தின் பின்கவையோ 130 மில்லிமீட்டர். நீண்ட அச்சு ஒன்றைப் போட்டு, இருபுறமும் 5 மில்லிமீட்டர் வளையங்களைக் கோத்து அந்த வேறுபாட்டைச் சரிக்கட்டினேன். முன்னும் பின்னும் சங்கிலி ஒரே நேர்கோட்டில் ஓட வேண்டும் என்பதற்காகப் பெடல்களைத் தாங்கும் நடு அச்சையும் குட்டையான ஒன்றாக மாற்றினேன். எஞ்சியது சங்கிலியின் இறுக்கம். கியர் சைக்கிளில் சங்கிலியின் தளர்ச்சியை வாங்கிக்கொள்ள வில் பொருத்திய கை ஒன்று உண்டு. ஃபிக்ஸடில் அதற்கு இடமில்லை. காலைப் பின்னோக்கி அழுத்தும்போது சங்கிலியின் கீழ்ப்பாகம் இழுபடுவதால், அந்த இழுப்பை வில் தாங்காது. சக்கரத்தையே பின்னுக்கு நகர்த்திச் சங்கிலியை இறுக்குவதுதான் வழி. பிற்காலத்து மலைச் சைக்கிள்களில் அச்சு அமரும் வெட்டுவாய் பெரும்பாலும் செங்குத்தாக இருக்கும்; அவற்றில் சக்கரத்தை நகர்த்த இயலாது. எனக்குக் கிடைத்த சட்டத்தில் அது சாய்வாக நீண்டிருந்தது பெரும் சௌகரியமாயிற்று. மலைச் சைக்கிளுக்கு மற்றொரு விசேஷமும் உண்டு. அதன் பெடல் அச்சு தரையிலிருந்து சற்று உயரமாக அமைந்திருப்பதால், திருப்பங்களில் வண்டி சாயும்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும் பெடல் தரையில் இடிப்பதில்லை. கரட்டுப் பாதைக்காகச் செய்த ஏற்பாடு, காலை நிறுத்த வழியில்லாத தெரு வண்டிக்கும் அனுகூலமாக வந்து வாய்த்தது.

பற்களின் எண்ணிக்கையை நிர்ணயிக்கும் கட்டத்தில்தான் என் ஆராய்ச்சிக்குரிய முதல் தடயம் அகப்பட்டது. முன்னால் 42 பற்கள் என்று தீர்மானித்த பின், பின்னால் 16 வைப்பதா, 17 வைப்பதா என்று யோசித்தேன். 42-க்கு 16 என்பது சுருங்கி 21-க்கு 8 ஆகும். ஆகவே, காலாலேயே சக்கரத்தைப் பூட்டி வழுக்கி நிறுத்துபவருக்கு டயர் 8 இடங்களில் மட்டும் மாறி மாறித் தேயும். 17 பகா எண். அதை வைத்தால் தேய்மானம் 17 இடங்களில் பரவும். 17 என்று முடிவு செய்ததும் பெரியவர், 42-ஐ 17-ஆல் வகுத்து 26-ஆல் பெருக்கி, என் கியர் 64 அங்குலம் என்றார். வண்டியில் 64 அங்குலம் அளவுள்ள பொருள் எதுவுமே இல்லையே என்று கேட்டேன். நூறு வருஷங்களுக்கு முன்னரே மறைந்துபோன சக்கரம் ஒன்றின் விட்டம் அது என்று விளக்கினார். சங்கிலியில்லாத அந்தக் காலத்துப் பெருஞ்சக்கரச் சைக்கிளில் எவ்வளவு பெரிய சக்கரத்தை ஓட்டினால் ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் போகலாமோ, அதே தூரத்தை என் வண்டியும் ஒரு மிதிச் சுற்றில் போகும் என்பதே அந்தக் கணக்கின் பொருள். என் வண்டிக்கு அது ஏறக்குறைய 5 மீட்டர். அழிந்துபோன யந்திரம் ஒன்று அளவுகோலாக மட்டும் இன்றும் ஜீவித்துக்கொண்டிருப்பதைக் கண்டு வியந்து, என் கேள்விக்கு விடை அந்தச் சக்கரத்தண்டை இருக்கக்கூடும் என்று எண்ணி அதைத் தொடர்ந்து சென்றேன்.

அந்தத் தடம் என்னைக் கோவென்ட்ரி நகரத்துக்கு அழைத்துச் சென்றது. 1860-களில் பாரிஸ் நகரத்தில் மிஷோ என்னும் பட்டறைக்காரரின் பெயரோடு பரவிய சைக்கிளில் பெடல்கள் முன்சக்கரத்தின் அச்சிலேயே நேராகப் பொருத்தப்பட்டிருந்தன. அவ்வகை வண்டிக்குப் பியேர் லாலமான் என்பவர் 1866-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். நம் வீட்டுக் குழந்தைகள் திண்ணையில் ஓட்டும் மூன்று சக்கர வண்டியின் அமைப்பு இன்றைக்கும் அதுதான். தையல் யந்திரங்கள் செய்துவந்த கோவென்ட்ரித் தொழிற்சாலை ஒன்று அந்த வண்டிகளையும் செய்யத் தொடங்கிற்று. அங்கே பணிபுரிந்த ஜேம்ஸ் ஸ்டார்லி 1870-களின் தொடக்கத்தில் ஏரியல் என்ற வண்டியின் மூலம் பெருஞ்சக்கரத்தின் யுகத்தைத் தொடங்கிவைத்தார். பெடல் சக்கரத்தோடு பிணைந்திருந்தமையால், வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை. சக்கரமோ ஓட்டுகிறவருடைய கால் எட்டும் அளவுக்கு மேல் பெரிதாக முடியாது. அப்படிப்பட்ட வண்டியொன்றில்தான் தாமஸ் ஸ்டீவன்ஸ் 1884-இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு, பஞ்சாபிலிருந்து கல்கத்தா வரையிலும் நம் தேசத்தையும் கடந்து, 1886-இன் இறுதியில் யோகோஹாமாவில் தம் உலகப் பிரயாணத்தை முடித்தார். ஸ்டார்லி இறந்த சில வருஷங்களில், 1884-இல் எழுப்பப்பட்ட அவருடைய நினைவுச்சின்னத்தின் எதிரே நின்றபோது, ஒரு தொழிலாளிக்கு ஒரு நகரம் செலுத்திய மரியாதை என்னை உள்ளபடியே நெகிழச் செய்தது.

கால் நீளத்தின் அந்த எல்லையை உடைத்தவர் ஸ்டார்லியின் சகோதரர் மகனாகிய ஜான் கெம்ப் ஸ்டார்லி. அவர் 1885-இல் வெளியிட்ட ரோவர் சைக்கிளை லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையில் பார்த்தேன். ஏறக்குறைய சமமான இரண்டு சக்கரங்கள், நடுவில் பெடல், அங்கிருந்து பின்சக்கரத்துக்கு ஓடும் சங்கிலி. 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் செப்பனிட்டு வகுத்த உருளைச் சங்கிலியும், 1888-இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் செய்த காற்றடைத்த டயரும் சேர்ந்துகொண்டதும் சைக்கிளின் உருவம் ஸ்திரப்பட்டுவிட்டது. அந்த ரோவரின் பின்சக்கரத்தைக் கூர்ந்து கவனித்தேன். அதில் ஃப்ரீவீல் இல்லை. என் கொட்டகையில் நான் இத்தனை பாடுபட்டு உண்டாக்கிக்கொண்டிருந்த அமைப்பு அங்கே இயல்பாகவே இருந்தது.

நான் தேடிப் போன மனிதர் சரித்திரத்தில் இல்லவே இல்லை என்று அப்போது விளங்கியது. ஃபிக்ஸட் கியரை எவரும் கண்டுபிடிக்கவில்லை. சைக்கிள் பிறந்ததே அப்படித்தான். காலையும் சக்கரத்தையும் பிரித்துவைப்பதற்குத்தான் ஒரு கண்டுபிடிப்பு தேவைப்பட்டது. வில்லியம் வான் ஆன்டன் என்னும் அமெரிக்கர் 1869-இலேயே அதற்குரிய யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தும், ஃப்ரீவீல் பொதுஜனங்களிடையே பரவுவதற்கு அந்த நூற்றாண்டு முடிய வேண்டியிருந்தது. அதன் காரணத்தைச் சிந்தித்தால் எளிதில் புலப்படும். காலை விடுவித்துவிட்டால் காலால் வேகத்தை அடக்கும் சக்தியும் போய்விடுகிறது. ஆகவே நம்பத்தகுந்த பிரேக் உண்டாகும் வரையில் ஃப்ரீவீலின் சுகம் பயத்தோடு கலந்த சுகமாகவே இருந்திருக்கும். 1903-இல் ஜெர்மனியில் ஸாக்ஸ் என்பவரின் கம்பெனி வெளியிட்ட டார்ப்பிடோ ஹப், சும்மா இருக்கும்போது காலுக்கு ஓய்வும் பின்னோக்கி அழுத்தினால் பிரேக்கும் தந்தது. பழைய சக்கரத்தில் பழகிய காலின் வழக்கத்தை அப்படியே காப்பாற்றிக்கொண்டு புதிய சுதந்திரத்தை அளித்தமையால்தான் அவ்வகை ஹப்புகளுக்கு அத்தனை செல்வாக்கு உண்டாயிற்று என்று கருதுகிறேன்.

தெருவில் ஃப்ரீவீல் ஆட்சிக்கு வந்த பின்னும் பழைய முறை சில இடங்களில் அழியாமல் நின்றது. வட்ட ஓடுதளப் பந்தயங்களில் அது இன்றுவரை சட்டம். 1893-இல் பாரிஸில் ஆன்ரி தெக்ராஞ்ச் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டியதும், 1972-இல் மெக்சிகோ நகரத்தில் எடி மெர்க்ஸ் 49.431 கிலோமீட்டர் ஓட்டியதும் அவ்வகை வண்டிகளில்தான். அதே தெக்ராஞ்ச் 1903-இல் பிரான்ஸ் தேசத்தைச் சுற்றிவரும் மாபெரும் பந்தயத்தைத் தொடங்கியபோது, கியர் மாற்றும் கருவிகள் வீரனுடைய ஆண்மைக்கு இழுக்கு என்ற அபிப்பிராயம் கொண்டிருந்தார். 1937 வரையில் அப்பந்தயத்தில் அவை அனுமதிக்கப்படவில்லை. வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, இருபுறமும் பல்சக்கரம் கொண்ட பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். ஜப்பானில் 1948-இல் கொக்குரா நகரத்தில் தொடங்கிய கெய்ரின் பந்தயமும் பிரேக் இல்லாத ஃபிக்ஸட் சைக்கிளையே கொண்டது. பிற்காலத்தில் நியூயார்க் தெருக்களில் கடிதங்களும் பொட்டலங்களும் கொண்டு சென்ற சைக்கிள் தூதர்கள், கெட்டுப்போக ஒன்றுமில்லாத அந்த ஓடுதள வண்டியைத் தெருவுக்கு மீட்டுக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவராக உழைத்த நெல்சன் வெயில்ஸ் 1984-ஆம் வருஷத்து ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

இவ்வளவும் தெரிந்த பின், நான் பிரித்துப்போட்ட மலைச் சைக்கிளின் பூர்வீகத்தையும் விசாரிப்பது என் கடமை என்று தோன்றிற்று. நவீன வண்டியொன்றின் இயல்பைப் பலவந்தமாக மாற்றுகிறோமோ என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. அதன் சரித்திரம் அந்தச் சந்தேகத்தை அடியோடு போக்கிவிட்டது. கலிபோர்னியாவின் மரின் பிரதேசத்தில் 1970-களில் சில வாலிபர்கள், 1930-களிலும் 40-களிலும் செய்யப்பட்ட ஷ்வின் சைக்கிள்களைப் பழைய சாமான்களிலிருந்து பொறுக்கியெடுத்து, மட்கார்டு முதலியவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு மலைப்பாதையில் இறக்கினார்கள். 1976-ஆம் வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி, சுமார் 2 மைலில் 1,300 அடி இறங்கும் பாதையொன்றில் அவர்கள் பந்தயம் தொடங்கினார்கள். பின்னோக்கி அழுத்தும் ஹப் பிரேக்குகள் கொதித்து உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்து போகும். ஒவ்வோர் இறக்கத்துக்குப் பின்னும் புதிதாக கிரீஸ் அடைக்க நேரும். அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977-இல் இவ்வகை ஓட்டத்துக்கென்றே புதுச் சட்டம் செய்தார். அதே கூட்டத்தைச் சேர்ந்த கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979-இல் டாம் ரிச்சி என்பவர் செய்த சட்டங்களைக் கொண்டு வியாபாரம் தொடங்கினார்கள். சில வருஷங்களில் உலகமெங்கும் மலைச் சைக்கிள் பரவியது. ஆக, என் வண்டியின் மூதாதையர் ஒரே கியருள்ள, காலைப் பின்னோக்கி அழுத்தி நிறுத்தப்படும், யாரோ வேண்டாமென்று ஒதுக்கிய சைக்கிள்கள். பழையதைப் பிரித்து வேறொன்றாக்கும் துணிவிலேயே மலைச் சைக்கிள் பிறந்திருக்கிறது. நான் செய்ததும் அந்தப் பரம்பரைக்கு உரிய காரியமே.

வண்டி தயாரானதும் கரடுமுரடான டயர்களை எடுத்துவிட்டு வழவழப்பான தெரு டயர்களை மாட்டினேன். முன்சக்கரத்துப் பிரேக்கைக் கழற்றவில்லை. இங்கிலாந்துச் சட்டம் ஃபிக்ஸட் சக்கரத்தை ஒரு பிரேக்காகக் கருதினாலும் முன்பிரேக்கும் இருந்தாக வேண்டும் என்று விதிக்கிறது. விதி இல்லாவிட்டாலும், சங்கிலி அறுந்தால் காலின் அதிகாரம் அந்தக் கணத்தில் முடிந்துபோகும் என்பதை அறிந்தவர் எவரும் அந்தப் பிரேக்கை விடமாட்டார். தெருவில் சென்றபோது, எதிரே வரும் நெரிசலையும் திருப்பத்தையும் கண்ணுக்கு முன் கால் அறிந்துகொள்ளும் அளவுக்கு வண்டியும் நானும் ஒன்றிவிட்டதை அநுபவித்தேன். முன்யோசனை இல்லாமல் அதை ஓட்ட முடியாது. ஓட்ட ஓட்ட அந்த முன்யோசனையே சந்தோஷமாக மாறுகிறது.

என் ஹப்புக்கு இருபுறமும் மரை உண்டு. ஒருபுறம் ஃபிக்ஸட் பல்சக்கரத்தையும் மறுபுறம் ஃப்ரீவீலையும் ஏற்றியிருக்கிறேன். நகரத்துக்குள் முன்னதையும், மலைப்பாங்கான நெடும் பிரயாணங்களில் சக்கரத்தைத் திருப்பிப் பின்னதையும் உபயோகிக்கிறேன். மனிதன் சைக்கிளோடு பிணைந்திருந்த காலமும், அதிலிருந்து காலை விடுவித்துக்கொண்ட காலமும் ஒரே அச்சில் எதிரெதிராக அமர்ந்திருக்கின்றன; இரண்டில் எது உயர்ந்தது என்று தீர்ப்பளிக்கும் அவசியம் எனக்கு இல்லை. எந்த வீட்டின் மூலையிலாவது துருவேறிக் கிடக்கும் பழைய இரும்புச் சட்டம் ஒன்றைக் கண்டால், அதை எடைக்குப் போடுமுன் ஒரு ஸ்பேனரோடு அதனருகே உட்காருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. கழற்றக் கழற்ற அதன் வயது பின்னோக்கிப் போகும். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உங்கள் கையிலேயே பிரத்தியட்சமாகும். முடிவில் ஓட்டிச் செல்வதற்கு நல்லதொரு வண்டியும் கிடைக்கும்.