காசிமேட்டுக் கடல்காக்காவுக்கு எந்த ஊர்?

தமிழ்நாட்டில் எந்த ஏரிக்கரையில் நின்று கேட்டாலும் பறவைக்கு இரண்டே ஊர்தான்: சைபீரியா, இல்லாவிட்டால் ஆஸ்திரேலியா. வேடந்தாங்கலில் கூடு கட்டும் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் இந்தத் துணைக்கண்டத்துப் பிறவிகள். அவற்றையும் வருஷா வருஷம் வெளிநாட்டு விருந்தாளி ஆக்கிவிடுகிறார்கள். முழுப் பொய் என்றும் தள்ள முடியாது. எண்ணூர் முகத்துவாரச் சேற்றில் ஓடும் உள்ளான்களில் சில சைபீரியத் துந்திராவில் பொரித்தவைதாம். ஆனால் காசிமேட்டுக் கடல்காக்காவுக்கும் அதே ஊரைப் பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டு என் மகள் வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு வேறு ஊர் இருந்தது. அறுபதுகளில் ரங்கூனிலிருந்து கப்பலேறி ராயபுரத்துக்கு வந்த ஆயா, மாடியில் துணி காயப்போடும்போது அவை தலைக்கு மேல் பறந்தால், “நம்ம கூட வந்ததுங்க” என்பாள். கப்பலுக்குப் பின்னாலேயே பறந்து வந்தனவாம்.

எது உண்மை என்று பார்த்துவிடலாம் என நானும் மகளும் கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வாங்க வரும் கூட்டத்தில் கால் வைக்க முடியாது. அதனால் சனிக்கிழமைகளில், ஏலம் ஓய்ந்த பிறகு போவோம். விசைப்படகுகளின் கயிறுகளில் கடல்காக்காக்கள் வரிசையாக, எல்லாம் காற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். சிவந்த அலகு, நுனி மட்டும் கறுப்பு. வெள்ளைத் தலையில் காதோரம் மை தொட்டு வைத்ததுபோல ஒரு புள்ளி. பறக்கும்போது இறக்கை நுனியில் அகலமான கறுப்பு, அதற்குள் வெள்ளைப் பொட்டு. அந்தப் பொட்டை வைத்துத்தான் இது பழுப்புத்தலைக் கடற்காகம் என்று மகள் உறுதி செய்தாள்.

இனம் தெரிந்தால் போதாது, இங்கே வரும் இந்தப் பறவை எங்கிருந்து வருகிறது என்பதற்குச் சான்று வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காக சாலிம் அலி 1959இல் தொடங்கிய வலசை ஆய்விலிருந்து, கோடியக்கரை போன்ற இடங்களில் பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிடுகிறார்கள். அப்படி ஒரு வளையம் கண்ணில் பட்டால் வழக்கு முடிந்தது. பிறகு நாங்கள் காலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. கடல்காக்காவோ ஒற்றைக் காலில் நிற்கும், மற்றதை வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொள்ளும். பறக்கும்போது இரண்டையும் பின்னால் மடித்து ஒட்டிவைத்துக்கொள்ளும். அது கால் மாற்றும்வரை தொலைநோக்கியைப் பிடித்தே கை வலிக்கும். ஒரு பறவையின் காலில் ஏதோ மின்னியது. மகள் கத்தியே விட்டாள். அது தூண்டில் நரம்பு. கணுக்காலைச் சுற்றி இறுகியிருந்தது. குளிர்காலம் முடியும்வரை தேடியும் ஒரு வளையம்கூட அகப்படவில்லை.

இதையெல்லாம் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். “காலப் பாத்து இன்னா பண்ணப் போற? அது எங்கியும் போவல. தடைக்காலத்துல போட்டு போவாது, தீனி கெடையாது, நடுக்கடலுக்குப் போயிடும். தடை முடிஞ்சா வந்துடும்.”

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பறவை குறைவதும் ஏப்ரலில்தான். கணக்கு கச்சிதமாக இருந்தது. ஆனால் ஜூனில் படகுகள் திரும்பக் கடலுக்குப் போனாலும் இவை வருவது ஐப்பசி வாடையோடுதானே? தடையே 2001இல்தான் வந்தது. “அதுக்கு முன்னாடி, தாத்தா?” என்றேன். “அப்பவும் சித்திரையில இருக்காது” என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் நடுக்கடலை விடவில்லை. போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: “நீ பாக்கறது வெள்ளத்தலை. பங்குனியில கருந்தலைன்னு ஒண்ணு வரும். அதான் இத்தத் தொரத்திவுடுது.”

வளையத்தை மறந்துவிட்டுத் தலையைப் பார்க்கத் தொடங்கினோம். மார்ச்சில் காதோரப் புள்ளி கரைந்து பரவியது. சிலவற்றுக்கு நெற்றி மட்டும் பழுப்பு, சிலவற்றுக்குக் கழுத்துவரை. ஒரே கயிற்றில் வெள்ளைத்தலை, பாதித்தலை, கருந்தலை மூன்றும் சண்டையில்லாமல் உட்கார்ந்திருந்தன. பெரியவர் சொன்ன மாதம் பிசகவே இல்லை. துணை தேடும் பருவத்துக்கான இறகு, புறப்படுவதற்கு முன்பே, நம் துறைமுகத்திலேயே முளைக்கிறது. இத்தனை நாளும் வந்த வழியைக் குடைந்துகொண்டிருந்த எனக்கு, போகப்போகும் ஊரின் அடையாளம் அந்தத் தலையில் தெரிந்ததும் மெய்சிலிர்த்தது.

அந்த ஊர் மலைமேல் இருக்கிறது. லடாக்கில் சோ கார், சோ மோரிரி ஏரிகள் கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரம். அங்கேயும் திபெத்தியப் பீடபூமி நெடுகிலும் இவை கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. சீனாவின் சிங்ஹாய் ஏரியில் 2005இல் பறவைக் காய்ச்சல் ஆயிரக்கணக்கான பறவைகளைக் கொன்றபோது செத்தவற்றில் இந்த இனமும் உண்டு. நோய் எந்த வழியில் பரவுகிறது என்று அறிய, தாய்லாந்தின் பாங் பூ கடற்கரையில் 8 கடற்காகங்களுக்குச் சூரிய ஒளியில் இயங்கும் கருவி பொருத்தி, 2008 முதல் 2011 வரை செயற்கைக்கோள் வழியே பின்தொடர்ந்தார்கள். போய்த் திரும்பியவை 5. சீனாவுக்கும் தாய்லாந்துக்கும் நடுவே சராசரி 2,400 கிலோமீட்டரை ஓரிரு வாரத்தில் கடந்தன. வழியில் தங்கிய நாடுகளில் இந்தியா உண்டு, வங்கதேசம் உண்டு, பர்மாவும் உண்டு.

பர்மா என்று படித்ததும் ஆயா உயிரோடு இல்லையே என்றிருந்தது. தாய்லாந்துப் பறவைகளின் வழியை வைத்துக் காசிமேட்டுப் பறவைகளுக்கு வழி போட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஆயா வந்து இறங்கியது மார்கழியில். ரங்கூன் துறையில் ஒரு கூட்டம் வழியனுப்பியிருக்கும், மதராஸில் இன்னொரு கூட்டம் எதிர்கொண்டிருக்கும். பெரியவர் ஒரு பறவையை இரண்டாகப் பார்த்தார். ஆயா இரண்டு கூட்டத்தை ஒன்றாகப் பார்த்திருக்கிறாள். இருவருமே கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள்.

பாதித்தலைப் படத்தைப் பெரியவரிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, “இது குஞ்சு” என்றார். லடாக்கைச் சொன்னேன். “அங்க தின்றதுக்கு இன்னா இருக்கு?”

“புழு பூச்சி, சின்ன மீன். முட்ட வைக்க ஏரி நடுவுல திட்டு இருக்கு, தாத்தா. சுத்தித் தண்ணி, நரி வராது.”

“திட்டுக்கா அம்மாந்தூரம் போவுது? எண்ணூர் ஆத்துல எத்தினி திட்டு இருந்துச்சி தெரியுமா? எல்லாத்தையும் பவர் ஹவுஸ் சாம்பல் மூடிகிச்சி” என்று வலையைக் கீழே வைத்தவர், ஒவ்வொரு திட்டாகப் பேர் சொல்ல ஆரம்பித்தார். மகள் நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டாள்.