கல்லில் கிடைத்த பெயர்

கொல்கத்தாவில் பார்க் சர்க்கஸுக்கு அருகே, கரையா சாலையில், மதிலொன்றுக்குள் ஸ்காட்லாந்தியரின் இடுகாடு இருக்கின்றது. 1820-ஆம் ஆண்டில் ஏற்பட்ட இடம். நம்மவர் பலர் அம்மதிலை நாள்தோறும் கடந்து செல்வர். உள்ளே நுழைந்தவர் சிலரே. சென்ற மார்கழியில் ஒரு நாள் காலை யானும் அங்குச் சென்றேன்.

ஆங்கே ஒரு மூதாட்டியாரைக் கண்டேன். கனடாவிலிருந்து தனியே வந்தவர். அவருடைய பாட்டனாரின் தந்தையார் டண்டீ நகரத்தவர். ஹூக்ளிக் கரைச் சணல் ஆலையொன்றில் பொறிவினைஞராக இருந்தவர். வங்கத்துச் சணல் கப்பலேறிச் சென்று டண்டீயில் நெய்யப்பட்ட காலம் ஒன்றுண்டு. 1855-இல் ரிஷ்ராவில் முதல் ஆலை தோன்றிய பின்னர், டண்டீயின் தொழில் வல்லுநர் இங்குக் கப்பலேறி வரலாயினர். பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த வகையில் அவர்களும் நம்மைப் போன்றோரே.

"அம்மா, இத்தனை தொலைவு வந்தது எதற்காக?" என்று வினவினேன். அவர் விளக்கினார்.

ஸ்காட்லாந்தில் 1855 முதல் பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றை அரசினர் பதிந்து வருகின்றனர். மணப் பதிவில் இருவருடைய பெற்றோர் பெயர்களும் இருக்கும். தாயாரின் பிறந்தகப் பெயரையும் விடுவதில்லை. எடின்பரோவில் உள்ள அப்பதிவேட்டிலிருந்து தம் முன்னோர் இருவரின் தந்தையர் பெயர்களை அவர் அறிந்தார். பின்னர் டண்டீயில் தூரத்து உறவினர் ஒருவர் வீட்டில் பழைய விவிலிய நூலொன்று கிடைத்தது. தாயை இழந்து இந்தியாவினின்று ஊர் திரும்பிய பிள்ளைகளின் பெயர்கள் அதன் முன்னேட்டில் எழுதப்பட்டிருந்தன.

அந்நாட்டுப் பழைய வழக்கப்படி தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயரும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனார் பெயரும் இடுவர். பெயரன் என்னும் நம் சொல்லை நினைந்து வியந்தேன். ஆனால் அவ்வேட்டில் முதற்கண் இருந்த மகன் தாய்வழிப் பாட்டனாரின் பெயரைத் தாங்கியிருந்தான். "அப்படியாயின் இவனுக்கு முன் ஒருவன் பிறந்திருக்க வேண்டுமன்றோ?" என்றார் அம்மையார்.

இங்கு நிகழ்ந்த அடக்கங்களின் திருச்சபைப் பதிவுப் படிகள் முற்காலத்தில் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவற்றில் தாயார் அடக்கம் செய்யப்பெற்ற நாளைக் கண்டறிந்து, கல்லைத் தேடி வந்திருந்தார்.

காவலர் கொடிகளை விலக்கிக்கொண்டே நடந்தார். நண்பகலளவில் கல் கிடைத்தது. தாயின் பெயர், அவர்கள் மரபின்படி பிறந்தகப் பெயருடன் பொறிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே, 11 திங்களில் மறைந்த ஆண்மகவொன்றின் பெயர். தந்தைவழிப் பாட்டனாரின் பெயரே அது! அம்மையார் அவ்வெழுத்துகளைக் கைக்குட்டையால் துடைத்து, அப்பெயரை ஒருமுறை மெல்லச் சொன்னார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அப்பிள்ளையைப் பெயரிட்டு அழைத்தவர் எவருமிலர்.

அன்றிரவு எம் குடும்பத்தார் பெயர்களை எழுதப் புகுந்தேன். தந்தையாரின் தாயார் வரை எழுத இயன்றது. அவரைப் பெற்றவர் பெயர் எனக்குத் தெரியவில்லை. தஞ்சையிலுள்ள அத்தைக்கு உடனே கடிதம் எழுதினேன். அவர்களுக்கு வயது 88. அன்பர்களே, நீங்களும் காலந்தாழ்த்தாது எழுதிக் கேளுங்கள்.