புழுங்கலரிசி தேடிய காதை

பிறந்த மண்ணை விட்டுப் பெயரும் மனிதன் மொழியையும் தெய்வத்தையும் நாக்கையும் தன்னோடு எடுத்துச் செல்கிறான். மொழியை வீட்டுக்குள் வைத்துப் பேணலாம். அலுவலகத்தில் இந்தியும் ஆங்கிலமும் பார்த்துக்கொள்ளும். தெய்வத்துக்குக் கோயில் எழுப்பலாம். எழுப்பும்வரை சுவரில் மாட்டிய படம் போதும். நாக்குக்கு மட்டும் சமாதானம் சொல்ல முடிவதில்லை. அது நாள்தோறும் இருவேளை தன் உரிமையைக் கேட்டு நிற்கிறது. தலைநகருக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பம் முதல் வாரத்தில் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரிக்கும். இரண்டாம் வாரத்தில் கோயிலைப் பற்றி விசாரிக்கும். ஆனால், மூட்டை முடிச்சைப் பிரிக்கும் அன்றே அது கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: “இங்கே நல்ல புழுங்கலரிசி, கட்டுப்படியாகும் விலையில், எங்கே கிடைக்கும்?”

இக்கேள்வி தமிழர்க்கு மட்டும் உரியதன்று. இத்தாலியரைப் பாருங்கள். அவர்களுக்குப் பாஸ்தா எதுவோ, நமக்குச் சோறு அது. காய்ந்த பாஸ்தாவைக் கடினக் கோதுமையின் ரவையைக் கொண்டே செய்ய வேண்டும் என்று அவர்கள் 1967-ஆம் ஆண்டு சட்டமே இயற்றிக்கொண்டார்கள். சாதாரணக் கோதுமை மாவில் செய்தது கொதிநீரில் குழைந்துவிடும். வெந்த பின்னும் பல்லுக்குச் சற்று எதிர்ப்புக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் இலக்கணம். அந்த இலக்கணத்தோடு அயல்நாட்டில் குடியேறிய இத்தாலியர், கடையில் மலிவாகக் கிடைப்பது குழைகிறது, குழையாதது கைக்கு எட்டாத விலையில் இருக்கிறது என்று தவித்தால், அந்தத் தவிப்பைப் புரிந்துகொள்ள நமக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை.

நம் இலக்கணமும் ஏறக்குறைய அதுவே. நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, களத்தில் உலர்த்தி, அதன் பின் குத்தி எடுப்பது புழுங்கல். ஒருமுறை அவித்தால் ஒற்றைப் புழுங்கல். இருமுறை அவித்தால் இரட்டைப் புழுங்கல். உமிக்குள் இருக்கும்போதே வெப்பத்தை ஏற்பதால் மணி இறுகுகிறது. ஆலையில் குறைவாக நொறுங்குகிறது. தவிட்டில் தங்கியிருக்கும் உயிர்ச்சத்தில் ஒரு பகுதி மணியின் உள்ளே இறங்கிவிடுகிறது. சோறாக்கினால் ஒன்றோடொன்று ஒட்டாமல், ஆனால் உதிர்ந்து ஓடாமல், குழம்பை ஏற்று நிற்கும். இரவு நீரூற்றி வைத்தாலும் காலையில் உருக்குலையாது. பச்சரிசி பொங்கலுக்கு உரியது, படையலுக்கு உரியது. அன்றாடப் பசிக்குப் புழுங்கலே துணை என்று எங்கள் தஞ்சைப் பகுதியில் எத்தனையோ வீடுகள் வகுத்து வைத்திருக்கின்றன.

நாங்கள் 2004-ஆம் ஆண்டு மத்திய அரசில் எழுத்தர் பணியேற்று, ராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் வந்து இறங்கினோம். தெருமுனைக் கடைக்காரர் எங்கள் முன் நான்கு சாக்குகளின் வாயைத் திறந்து காட்டினார். நான்கும் பச்சரிசி. அவற்றுள் ஒன்று பாசுமதி. நீளம், நறுமணம், வெண்மை எல்லாம் உண்டு. விருந்துக்கு அது மகாராணி. ஆனால் மகாராணியை நாள்தோறும் வீட்டில் வைத்துப் பராமரிக்க எழுத்தரின் சம்பளம் இடங்கொடாது; அவளை வற்றல் குழம்போடு பிசைய மனமும் இடங்கொடாது. ஆகவே மலிவான பச்சரிசி அன்றாடச் சோற்றுக்கு, தென்னாட்டுக் கடைப் புழுங்கல் இட்லிக்கு மட்டும் என்று வரவு செலவுத் திட்டம் போட்டுக் காலம் கழித்தோம்.

தென்னாட்டுக் கடைகளுக்குக் குறைவில்லை. ஐ.என்.ஏ. சந்தையில் உண்டு, கரோல் பாகில் உண்டு, தமிழர் திரளாக வாழும் இடங்களிலெல்லாம் முருங்கைக்காயோடும் அப்பளத்தோடும் அரிசி மூட்டையும் உண்டு. ஆனால் 2,100 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்த அரிசி, தன் பயணச் செலவை நம்மிடம்தான் வசூலிக்கிறது. அத்துடன், பெயரை மட்டும் நம்பி வாங்க இயலாது. பொன்னி என்று எழுதிய பை எல்லாவற்றிலும் பொன்னி இருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஒருமுறை ஒரு கடையில் வாங்கிய மூட்டையில் பழைய அரிசியும் புது அரிசியும் கலந்திருந்தன. பாதி வேகும்போது பாதி கஞ்சியாயிற்று. அதன்பின் ஊர்ப் பெரியவர்கள் செய்வதுபோலவே செய்யத் தொடங்கினோம். ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்ப்பது, தூசும் தவிடும் எவ்வளவு பறக்கின்றன என்று கவனிப்பது, ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பது, முகர்ந்து பார்ப்பது. மாவாகப் பொடிந்தால் வேண்டாம். ஊறல் வாடை வீசினால் வேண்டவே வேண்டாம்.

பொன்னியைப் பற்றி ஒரு செய்தி இங்கே சொல்லத் தகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்ட வெள்ளைப் பொன்னியின் முன்னோர் இருவர்: ஒருவர் தைவானின் தாய்ச்சுங் 65, மற்றவர் மலேயாவின் மாயாங் எபோஸ். காவிரியின் பெயரைத் தாங்கி, நம் சொந்தப் பொருள் என்று நாம் மார்தட்டும் அரிசியே கடல் கடந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்ததுதான். புலம்பெயர்ந்தோர் வேரூன்றி நிலைப்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ!

தொடர்வண்டியில் கொண்டுவரும் வழியும் இருந்தது. விடுமுறைப் பயணச் சலுகையில் ஊருக்குப் போனால், திரும்பும்போது துயில்வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ கட்டணமின்றிக் கொண்டுவரலாம். 1976-இல் ஓடத் தொடங்கிய தமிழ்நாடு விரைவு வண்டியின் இருக்கைகளுக்கு அடியில் எத்தனை குடும்பங்களின் அரிசி வடக்கே வந்திருக்கிறது என்பதற்கு எந்தப் பேரேட்டிலும் கணக்கில்லை. ஆனால் பயணமோ எப்போதாவது வருவது. பசியோ தினமும் வருவது. கொண்டுவந்த மூட்டை இரண்டு மாதத்தில் காலியாகிவிடும். பிறகு பழையபடி தெருமுனைக் கடைதான்.

இந்த ஏற்பாடு 2012 வரை ஓடியது. அவ்வாண்டு அப்பா காலமானார். அம்மா எங்களோடு வந்து சேர்ந்தார். எழுபது ஆண்டுகள் கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரே சிற்றூரில் வாழ்ந்தவர். நெல்லை அவிக்கும் அண்டாவின் முன் நின்று, மேல்மணி வாய் பிளக்கும் பதத்தைக் கண்ணாலேயே அளந்தவர். தில்லியின் வெயிலையும் குளிரையும் அவர் குறை சொல்லவில்லை. தட்டில் மட்டும் ஒரு கைப்பிடிக்கு மேல் இறங்கவில்லை. உடல் இளைத்தது, சேலைக் கட்டு தளர்ந்தது. “ஏனம்மா, அரிசி பிடிக்கவில்லையா?” என்று கேட்டோம். “அரிசிக்கு என்ன குறை? முத்து முத்தா இருக்கு. ஆனா அது சோறா ஆகலையே” என்றார். நாலைந்து நாள் கழித்து, “என்னை ஊரிலேயே கொண்டுபோய் விட்டுடுங்க. ரேஷன்ல அரிசி சும்மாவே போடறான், பொங்கித் தின்னுட்டுக் கிடக்கிறேன்” என்றார். ஊரில் அவரைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை. ஓர் அரிசி காரணமாகத் தாயைத் தனிமைக்கு அனுப்புவதா என்று எங்களுக்கு இரவில் உறக்கம் வரவில்லை. மூன்று வேளையும் தென்னாட்டுக் கடை அரிசி வாங்குவதென்றால், பிள்ளைகள் இருவரின் பள்ளிக் கட்டணம் குறுக்கே நின்றது.

அந்நாளில் எங்கள் மாடிக்குக் கீழே தர்பங்கா மாவட்டத்துக் குடும்பம் ஒன்று குடியிருந்தது. அந்த வீட்டிலும் ஒரு மூதாட்டி. மார்கழி வெயிலில் புல்தரையில் அமர்ந்து, முறத்தில் அரிசி பரப்பிக் கல் பொறுக்குவார். நம் அம்மா அருகில் போய் உட்கார்ந்தார். இருவருக்கும் பொதுவான மொழி ஏதுமில்லை. அம்மா ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடித்தார், பின்பு எங்களை நோக்கி, “இது நம்ம புழுங்கல்டா! இவங்களுக்கு யாரு அனுப்பறா?” என்று கூவினார். விசாரித்தபோது அந்த வீட்டார் சொன்ன சொல் “உஸ்னா.” பீகாரில் புழுங்கலுக்கு அதுவே பெயர், பச்சரிசி “அர்வா.” அவர்கள் ஊரிலிருந்து ஆண்டுக்கு இருமுறை மூட்டை வருகிறது. அன்று மாலையே ஒரு படி உஸ்னா எங்கள் அடுப்பேறியது. அம்மா அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார்.

ஒரு சொல் கிடைத்ததும் பல கதவுகள் திறந்தன. தெருமுனைக் கடைக்காரரிடம் சென்று “உஸ்னா” என்றோம். “சேலாவா? அதைக் கேட்கவே இல்லையே!” என்று உள்ளேயிருந்து ஒரு சாக்கை இழுத்து வந்தார். வடக்கே புழுங்கலின் வாணிபப் பெயர் சேலா. பஞ்சாப், அரியானா ஆலைகளில் நெல்லை அவித்து ஆயத்தம் செய்து, பிற மாநிலங்களுக்கும் அயல்நாடுகளுக்கும் அனுப்புகிறார்கள். பாசுமதிச் சேலா விலை மிக்கது. பர்மல் சேலா அதைவிட வெகு மலிவு. தடித்த மணி, அடக்கமான மணம். சோற்றுக்கும் ஆகும், இட்லிக்கும் ஆகும். சித்தரஞ்சன் பூங்கா வங்காளிகளிடம் கேட்டால் “சித்தோ” என்பார்கள். ஒடியர்களிடம் “உசுனா” என்றால் போதும். மலையாளிகளின் சிவந்த மட்டை அரிசியும் இந்தக் குலத்தைச் சேர்ந்ததே.

பெயர்கள் மட்டுமா? நம் பழைய சோற்றுக்கும் உறவினர் உண்டு. ஒடிசாவில் அது பகாளா. மார்ச் 20-ஆம் நாளை அதற்கென ஒரு திருநாளாகவே கொண்டாடுகிறார்கள். வங்கத்தில் பாந்தா பாத். அசாமில் பொயித்தா பாத். பச்சை மிளகாயும் வெங்காயமும் கடித்துக்கொண்டு நீர்ச்சோறு உண்ணும் ஏழை உழவர் காவிரிக் கரையிலும் இருக்கிறார். மகாநதிக் கரையிலும் இருக்கிறார். பிரம்மபுத்திராக் கரையிலும் இருக்கிறார்.

புலம்பெயர்ந்த தமிழரைப் புழுங்கல் காத்த வரலாறும் உண்டு. நூறாண்டுகளுக்கு முன் மலேயாவில் பெரிபெரி என்னும் கால் வீங்கும் நோய் ஆயிரக்கணக்கானோரை வீழ்த்தியது. தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரை அது வாட்டியது. புழுங்கல் உண்ட தமிழ்த் தொழிலாளரை அவ்வளவாகத் தீண்டவில்லை. பிராடன் என்னும் மருத்துவர் இதைக் கவனித்து, குற்றம் அரிசியில் இருக்கிறது என்றார். வில்லியம் பிளெட்சர் என்பவர் 1905-1906-இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஒரு பகுதியினருக்குப் பச்சரிசியும் மறுபகுதியினருக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டோரில் பலர் நோயுற்றனர், சிலர் மாண்டனர். புழுங்கல் உண்டோரிடம் நோய் அநேகமாகத் தலைகாட்டவில்லை. உமிக்குள் அவிக்கும்போது உள்ளே இறங்கும் தயமின் என்னும் உயிர்ச்சத்தே காரணம் என்பது பின்னாளில் தெளிவாயிற்று. ரப்பர்த் தோட்டத்துக் கூலியாய்ப் போன நம் முன்னோர், தம் நாக்கு கேட்டதை உண்டனர். அதுவே மருந்தாகவும் நின்றது.

இனி விலையைப் பற்றிச் சில சொற்கள். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான பொதியில் பெயரிட்டு விற்கும் அரிசிக்கு 5 விழுக்காடு வரி வந்தது. வணிகர்கள் 26 கிலோ மூட்டை கட்டத் தொடங்கினார்கள்! எழுத்தர் கூட்டம் இதைக் கவனியாதிருக்குமா? நாங்கள் ஆறு குடும்பங்கள் சேர்ந்து, பெரிய மூட்டைகளாக மொத்த வணிகரிடம் நேரே வாங்கிப் பங்கிட்டுக் கொள்கிறோம். ஆறில் மூன்று தமிழ்க் குடும்பம், ஒன்று பீகார், ஒன்று ஒடிசா, ஒன்று கேரளம். முறைவைத்து ஒருவர் சென்று மணியைக் கடித்துப் பார்த்து முடிவு செய்வார். கடிக்கும் பற்கள் வேறு வேறு. தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றே. 2023 ஜூலையில் நடுவண் அரசு பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியைத் தடைசெய்தபோது, அமெரிக்காவில் நம்மவர்கள் கடைகளில் மூட்டை மூட்டையாக வாங்கிக் குவித்ததைப் படித்தோம். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. 2004-இல் நாங்கள் நின்ற இடத்தில் அவர்கள் நின்றார்கள்.

குளிர்காலத்து மாவு மட்டும் இன்னும் எங்களுக்குப் பணிவதில்லை. சனவரியில் அரைத்த மாவு இரண்டு நாளானாலும் பொங்காது. பாத்திரத்தை ரஜாயில் சுற்றி, குழந்தையைப்போல் கட்டிலில் கிடத்துவோர் நம்மில் பலர்.

அம்மா எங்களோடு ஏழாண்டுகள் இருந்தார்; 2019-இல் தில்லியிலேயே கண்மூடினார். ஊருக்கு அனுப்பும் பேச்சு அதன்பின் எழவேயில்லை. எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத அந்நாட்களில், கீழ்வீட்டிலிருந்து நாள்தோறும் சோறு வந்தது. மூடியைத் திறந்தால் உஸ்னாவின் மணம்.

எங்கள் பிள்ளைகள் ரொட்டியும் உண்கிறார்கள், பாசுமதியும் உண்கிறார்கள். காய்ச்சல் வந்தால் மட்டும் புழுங்கலரிசிக் கஞ்சி கேட்கிறார்கள். அது போதும். அன்பர்களே, உங்கள் குடியிருப்புக்கு அடுத்த மாற்றலில் ஒரு தமிழ்க் குடும்பம் வந்திறங்கும். அவர்களுக்குப் பள்ளியையும் கோயிலையும் காட்டுங்கள். அதற்கு முன் சேலா, உஸ்னா, சித்தோ என்னும் மூன்று சொற்களைச் சொல்லிக் கொடுத்து, உங்கள் மூட்டையிலிருந்து இரண்டு படி அளந்து கொடுங்கள். கூடவே, அவர்கள் வீட்டுக்குக் கீழே குடியிருப்பவர் எந்த ஊர் என்றும் சொல்லி வையுங்கள்.