ஸ்டீபனின் தங்கையர்

பல்கலைக்கழகத்திற் பயின்ற காலத்தில், ஜேம்ஸ் ஜோய்ஸ் 1916ஆம் ஆண்டு நூலாக வெளியிட்ட 'கலைஞனின் இளமைச் சித்திரம்' எமக்கு வேதமாக இருந்தது. நவீனத்துவத்தின் கொடி அந்நாவல் என்றனர், நாமும் நம்பினோம். வீடு, நாடு, திருச்சபை எனும் பிணைப்புகளை அறுத்துப் பறக்கத் துணியும் ஸ்டீபன் டெடலஸை எமது பிரதிநிதியாகவே கொண்டோம். கலைஞன் தன் படைப்பினின்றும் கடவுளைப்போல் விலகி நிற்க வேண்டும் என்னும் அவன் கொள்கையை விடுதி அறையில் உரத்து முழங்கினோம். எமது விடுதிச் செலவுக்காகப் படிப்பை நிறுத்திய தங்கை அவ்வேளை தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருந்தாள் என்பது அம்முழக்கத்தில் ஒருபோதும் இடம்பெறவில்லை.

இன்று, மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியராக அந்நூலை மீண்டும் விரித்தபோது, முன்னர் கண்ணிற் படாத பக்கங்களே எம்மைத் தடுத்து நிறுத்தின. துறவு வாழ்வை மறுக்கும் மனத்தோடு ஸ்டீபன் வீடு திரும்புகிறான். தம்பி தங்கையர் உணவுச் சாடிகளில் தேநீர் அருந்துகின்றனர். வீட்டுக்காரன் வெளியேற்றவிருப்பதால் பெற்றோர் வேறு வீடு பார்க்கப் போயிருக்கின்றனர். அவர்களுக்கு மறுக்கப்பட்டதெல்லாம் மூத்தவனாகிய தனக்கே வழங்கப்பட்டதென அவன் ஒரு கணம் உணர்கிறான், பின்பு மறந்துவிடுகிறான். ஆனால் ஜோய்ஸ் மறக்கவில்லை. இறுதி இயலின் தொடக்கத்தில் ஸ்டீபனின் கையருகே அடகுச் சீட்டுகள் கிடக்கின்றன. பல்கலைக்கழக மாணவனான அவன் கழுத்தைத் தாய் தேய்த்துக் கழுவிவிடுகிறாள். புகழ்பெற்ற அழகியற் கொள்கை பிறப்பதும் அதே இயலிற்றான். அதனைக் கேட்கும் தோழன் லிஞ்ச் கேலி செய்கிறான், மழையும் பிடித்துக்கொள்கிறது. இவை அருகருகே அமைந்தது தற்செயலன்று.

1922இல் வெளிவந்த 'யுலிசிஸ்' நாவலில், பறந்து சென்றவன் டப்ளினுக்கே திரும்பி ஆசிரியனாக இருக்கிறான். தாய் இறந்துவிட்டாள். தங்கை டில்லி ஒரு பென்னிக்குப் பழைய பிரெஞ்சுப் பாடநூல் வாங்கி நிற்கிறாள். அன்று காலை பெற்ற சம்பளம் அவன் பையில் இருக்கிறது. அவள் மூழ்குவதை அவன் காண்கிறான். கைகொடுத்தால் தானும் மூழ்குவோம் என்றஞ்சி விலகுகிறான்.

நவீனத்துவத்தின் அகந்தையை அதன் கருவிகளைக் கொண்டே விசாரித்தவர் ஜோய்ஸ் என்பது எமது முடிபு. குற்றவாளிக் கூண்டில் நின்றவன் ஸ்டீபன் மட்டுமல்லன்.

அண்மையில் எம் தங்கைக்கு இக்கதையைக் கூறினோம். தைப்பதை நிறுத்தி அவள் கேட்டது ஒன்றே:

"அந்தப் பிள்ளைக்குத் தமையன் அந்தப் புத்தகத்தைச் சொல்லிக் குடுத்தவரோ, அண்ணை?"

இல்லை என்றோம்.