பாடாலூர்ச் சாலையில் இரண்டு கரும்பலகைகள்

திருச்சியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தால், கொள்ளிடமும் சமயபுரமும் கடந்த சிறிது நேரத்தில் நிலத்தின் முகம் மாறுவதைக் காணலாம். வாழைத் தோட்டங்கள் பின்தங்கிவிடும். சிறுகனூருக்கு அப்பால் புன்செய் நிலமே கண்ணுக்கெட்டிய வரை: மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். அந்த நிலத்தின் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டிப் பாடாலூர் அமைந்திருக்கிறது. அருகிலுள்ள காரைப் பகுதியின் மண்ணில் பண்டைக் கடலுயிர்கள் கல்லாய்ச் சமைந்து கிடக்கின்றன. அறிஞர்கள் அவற்றைத் தேடி வருவதுண்டு. நான் சென்றதோ பள்ளிக் கணக்கு ஒன்றை மனத்திற் கொண்டு.

நம் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் வாசலையொட்டி ஒரு கரும்பலகை இருப்பது வழக்கம். வகுப்பு, ஆண், பெண், பதிவு, வருகை என்று கட்டமிட்டுச் சுண்ணக்கட்டியால் எழுதியிருப்பார்கள். சாலையோரத்து ஊரில் ஒரு பலகை, உள்ளடங்கிய சிற்றூரில் மற்றொரு பலகை. இரண்டையும் பார்த்தவுடன் எது நல்ல பள்ளி என்று தீர்ப்புக் கூற நமக்குக் கை துறுதுறுக்கிறது. அத்தீர்ப்பு எவ்வளவு தவறாகிவிடும் என்பதை எண்களைக் கொண்டே பார்ப்போம். கணக்கு எளிதாயிருக்கும் பொருட்டு எண்களை நானே இடுகிறேன். எந்தப் பள்ளியையும் அவை குறிப்பன அல்ல.

சாலையோரப் பள்ளியில் 180 பிள்ளைகள். சிற்றூர்ப் பள்ளியில் 22 பேர். முன்னது செழிப்பதாகவும் பின்னது தேய்வதாகவும் தோன்றுகிறதன்றோ? ஆனால் சாலையோர ஊரில் தொடக்கப்பள்ளி வயதினர் 400 பேர்; சிற்றூரில் 24 பேரே. அப்படியானால் பெரிய பள்ளி தன் ஊர்ப் பிள்ளைகளில் 45 சதவீதத்தினரைத்தான் பெற்றிருக்கிறது. சிறிய பள்ளியோ 92 சதவீதத்தினரை. எஞ்சியோர் தனியார் பள்ளி வண்டிகளில் ஏறிச் செல்கிறார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கப்படும் 25 சதவீத இடங்களிலும் சிலர் சேர்கிறார்கள். ஊரில் எத்தனை பிள்ளைகள் என்று தெரியாமல் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்பது பாதிக் கணக்கே.

இனித் தேர்ச்சி. சிற்றூர்ப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் 4 பேர். அவர்களில் 3 பேர் தடையின்றி வாசிக்கிறார்கள்: 75 சதவீதம். பெரிய பள்ளியில் 40 பேரில் 28 பேர்: 70 சதவீதம். சிறியது முந்திவிட்டது! மறு ஆண்டு அங்கே மீண்டும் 4 பேர். 2 பேர் மட்டும் வாசிக்கிறார்கள். 50 சதவீதத்திற்குச் சரிந்துவிட்டதென்று விசாரணை வரும். உண்மையில் மாறியது ஒரேயொரு பிள்ளை. அந்த ஒரு பிள்ளையின் எடை சிறிய பள்ளியில் 25 சதவீதம், பெரிய பள்ளியில் இரண்டரை சதவீதம். ஆகவேதான் எந்தத் தரப்பட்டியலிலும் சிறிய பள்ளிகள் உச்சியிலும் அடியிலும் மிகுதியாகக் காணப்படுகின்றன.

தேர்ச்சி என்பது பள்ளியின் உழைப்பை மட்டும் காட்டுவதுமன்று. 1966-இல் அமெரிக்காவில் கோல்மன் என்னும் சமூகவியலறிஞர் சுமார் 4,000 பள்ளிகளை ஆராய்ந்து, பிள்ளையின் கல்வியைப் பெரிதும் முடிவு செய்வது வீட்டுச் சூழலே என்று அறிக்கை தந்தார். இங்கும் அதுவே. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். பெரம்பலூர் மாவட்டத்தில் 74. அம்மாவட்டப் பெண்களிடையே 66. எழுத்தறியாத் தாயின் பிள்ளை வாசிக்கத் தொடங்குவதும், தாய் எழுத்துக்கூட்டிக் கொடுத்த பிள்ளை வாசிக்கத் தொடங்குவதும் ஒரே இடத்திலிருந்தா? (இதே மாவட்டம் 2023-இல் பத்தாம் வகுப்புத் தேர்வில் 97.67 சதவீதத்துடன் மாநிலத்தில் முதலிடம் பெற்றது. 2024-இல் அவ்விடம் பக்கத்து அரியலூருக்குப் போயிற்று. எழுத்தறிவு எண்ணை மட்டும் பார்த்தவர் இதை எதிர்பார்த்திருக்கமாட்டார்.)

அப்படியானால் எதைத்தான் ஒப்பிடுவது? ஒரே பிள்ளையை, சூன் மாதத்திலும் ஏப்பிரல் மாதத்திலும். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைப்படுத்துகிறார்கள். அரும்பாக வந்தவர்களில் எத்தனை பேர் மலராயினர் என்று கேட்பதே ஆசிரியருக்கு நீதி செய்யும் கேள்வி. அதனோடு வருகைப் பதிவேட்டையும் புரட்ட வேண்டும். வெங்காயம் பிடுங்கும் நாட்களில் தாய்மார் விடியுமுன் காட்டுக்குப் போய்விடுவர். தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காள் வீட்டிலிருப்பாள். 2023 ஆகஸ்டு 25 முதல் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திலும் காலையுணவு தரப்படுகிறது. அடுப்புப் பற்றாத வீட்டுப் பிள்ளையும் பசியாறிப் பாடத்தில் அமர்வதற்கு அது வழி செய்திருக்கிறது.

ஆசிரியர் எண்ணிக்கையையும் விட்டுவிடலாகாது. சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 150-க்கு மேற்பட்டால் 5 ஆசிரியரும் ஒரு தலைமையாசிரியரும். பெரிய பள்ளியில் வகுப்புக்கு ஒருவர் உண்டு. சிற்றூரில் இருவர் ஐந்து வகுப்புகளைத் தாங்குகிறார்கள். ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவரே பள்ளி முழுவதும். ஆசிரியருக்குப் பதினொரு பிள்ளைகள்தாமே என்று வகுத்துப் பார்த்து மகிழ்வோர் இதை எண்ணுவதில்லை.

இரண்டு பலகைகளையும் அருகருகே வைத்தால், சிறியதை மூடிப் பெரியதோடு இணைத்தாலென்ன என்ற யோசனை எவருக்கும் எழக்கூடும். தமிழ்நாட்டு விதிகளின்படி தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருத்தல் வேண்டும். ஆனால் அந்த ஒரு கிலோமீட்டரின் இடையே என்ன இருக்கிறது என்று பலகை சொல்லாது.

மாலையில் பேருந்துக்காகச் சாலையோரம் நின்றேன். மறுபுறம் செல்ல வேண்டிய மூதாட்டி ஒருவர், தலையில் புல்லுக்கட்டுடன், லாரிகள் ஓய்வதற்காக நெடுநேரம் காத்திருந்தார். ஒரு பாதியைக் கடந்து நடுத்திட்டில் நின்று மீண்டும் காத்திருந்தார். ஆறு வயதுப் பிள்ளை அங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தபோது என் பேருந்து வந்துவிட்டது.